போற்றப்படும் கராஷிமாவும் படிக்கப்படாத கராஷிமாவும்

தஞ்சை வட்டாரத்துத் தமிழ் விழா மேடைகளில் நொபொரு கராஷிமாவின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. ஜப்பானியர் ஒருவரே தமிழின் பெருமையை உணர்ந்து கடல் கடந்து வந்தார் என்று பேச்சாளர் முழங்குவார், அவை கைதட்டும், பேச்சு அடுத்த பெருமைக்குத் தாவிவிடும். அவர் என்ன எழுதினார், எதை நிறுவினார், யாரோடு முரண்பட்டார் என்று மேடையில் இருப்பவரும் சொல்வதில்லை, கீழே இருப்பவரும் கேட்பதில்லை. வெளிநாட்டார் ஒருவரிடம் நாம் எதிர்பார்ப்பது ஆய்வை அல்ல, சான்றிதழை. கராஷிமாவை அந்தச் சான்றிதழ்களில் ஒன்றாகச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று.

இக்கட்டுரை அவருக்கு அஞ்சலி அன்று. அவர் மறைந்தது 2015 நவம்பர் 26ஆம் நாள். அஞ்சலிகள் அப்போதே எழுதப்பட்டுவிட்டன. நாம் சொல்ல விழைவது ஒன்றே. சோழர் கல்வெட்டுகளை அவர் படித்த முறையும், 2010இல் தமிழக அரசுக்கு அவர் சொன்ன மறுப்பும் ஒரே மனப்பாங்கிலிருந்து பிறந்தவை. எண்ணிப் பாராமல் எதையும் சொல்வதில்லை, அவகாசம் இல்லாமல் எதையும் செய்வதில்லை என்பது அந்த மனப்பாங்கு. அதை ஒதுக்கிவிட்டு அவர் பெயருக்கு மட்டும் பொன்னாடை போர்த்துவது தமிழ்த்துறைகள் நெடுங்காலமாகப் பயின்றுவரும் இரட்டை வேடம்.

முதலில் ஆய்வைப் பார்ப்போம்.

1933இல் பிறந்த கராஷிமா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர். 1960களின் தொடக்கத்தில் ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சோழர் வரலாறு என்றால் அன்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதியதே வரலாறு. மாமன்னர்கள், படையெடுப்புகள், ஆலயங்கள், திறமான ஆட்சி என்று விரியும் பெருஞ்சித்திரம் அது. கராஷிமா அந்தச் சித்திரத்தின் அடியில் ஒரு சிறிய கேள்வியை வைத்தார். நிலம் யாரிடம் இருந்தது?

அவர் வளர்ந்த ஜப்பானில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. போரில் தோற்ற அந்நாட்டில் 1946இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களை அரசு வாங்கி, உழுதவர்களுக்கே விற்றது. சில ஆண்டுகளில் ஜப்பானிய நாட்டுப்புறத்தின் அரசியலே மாறிப்போயிற்று. ஆசியக் கிராமம் மாறாதது, அங்கே தனிச்சொத்து இல்லை, ஆகவே அதற்கு வரலாறும் இல்லை என்ற ஐரோப்பியக் கோட்பாட்டை ஏற்பதா மறுப்பதா என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். அந்த வாதத்தின் நடுவிலிருந்து வந்த இளைஞர் காவிரிக்கரைக் கல்வெட்டுகளிடம் விடை கேட்டார்.

கேட்ட விதம் முக்கியமானது. திருச்சிக்கு மேற்கே அடுத்தடுத்து அமைந்த அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஈசானமங்கலம் பிரமதேயம், அல்லூர் வேளாளரின் ஊர். இரண்டிலும் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலத்தை விற்றவர் யார், வாங்கியவர் யார், விற்றது தனி ஆளா ஊராரா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரமதேயத்தில் தனியார் உடைமை தெரிந்தது. நிலத்துக்குரியவர் ஒருவர், உழுதவர் வேறொருவர். அல்லூரில் ஊரார் பொதுவாக நிலத்தை வைத்திருந்தனர். உழுதவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1966இல் வெளியான இந்தக் கட்டுரை அளவில் சிறியது. ஆனால் 'தமிழ்க் கிராமம்' என்ற ஒற்றைப் பொருள் ஒன்று இருந்ததே இல்லை என்பதை அது காட்டிவிட்டது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிராமணர் அல்லாதார் ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பெருகியதையும், பெருநிலக்கிழார்கள் தலையெடுத்ததையும் அவர் கண்டார். மாறாத கிராமம் என்ற கோட்பாடு காவிரிப் படுகையில் இப்படித்தான் உடைந்தது.

அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டுகளில் தஞ்சைத் தரணி எப்படி இருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்திருந்தது. ஆயினும் கூலி நெல்லுக்காக நடந்த போராட்டம் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற வினா ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல்லிலும் இருந்தது, அன்றைய வயலிலும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தமிழ் வகுப்பு ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நாம் கண்டதில்லை.

அடுத்து அவருடைய எண்ணிக்கை. பா. சீதாராமனோடு இணைந்து சோழர் கல்வெட்டுகளின் வரிச்சொற்களைத் திரட்டி 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த வரியின் பெயர் எந்த மண்டலத்தில், எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு அது. எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அடைவு தயாரித்தார். 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக அது வந்தது. மூவேந்தவேளான், பிரமாதிராயன், உடையான், அரையன் என்ற பட்டங்கள் யாருக்கு, எப்போது, எங்கே வழங்கின என்று பார்த்தால் அரசு எவ்வளவு தூரம் எட்டியது என்று அளக்கலாம் என்பது அவர்கள் துணிபு.

இந்த அளவையின் பயன் 1980க்குப் பிறகு தெரிந்தது. சோழ அரசு உண்மையில் ஓர் அரசே அன்று, சடங்கு முறையில் மட்டும் ஒன்றுபட்ட பல கூறுகளின் தொகுப்பு என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் அவ்வாண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டார். நம் மேடைப் பேச்சாளர்களிடம் இதற்கு இருந்திருக்கக்கூடிய பதில் ஒன்றே: வெள்ளைக்காரன் சோழனை இழிவுபடுத்திவிட்டான்! கராஷிமாவும் சுப்பராயலுவும் தந்த பதில் வேறு வகையானது. வரிச்சொற்களின் பரவலையும் அதிகாரிகளின் பட்டங்களையும் காட்டி, முதலாம் ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் மையப்படுத்தும் முயற்சி நடந்திருக்கிறது என்றார்கள். அதே சமயம் சாஸ்திரியார் வரைந்த வடிவில் ஒரு பேரரசு என்றும் நிலைத்திருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. இரு தரப்பாரின் முழக்கத்துக்கும் இடம் தராத பதில் அது. மேடைக்கு உதவாததும் அதனால்தான்.

மேடைக்கு உதவாத பதில் எவ்வளவு தேவை என்பதை 2019 ஜூனில் கண்டோம். கும்பகோணத்தை அடுத்த திருப்பனந்தாளில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் பேசும்போது, ராஜராஜன் காலம் ஒடுக்கப்பட்டோருக்கு இருண்ட காலம், அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது என்ற பொருளில் சொன்னார். டெல்டா முழுவதும் கொந்தளித்தது. அவர் மீது வழக்குப் பதிவானது. ஒரு தரப்பார் மன்னனின் மானத்தைக் காத்தார்கள், மறு தரப்பார் மன்னனை நிராகரித்தார்கள். பெரிய கோயிலின் அடித்தளத்திலேயே சான்று வெட்டப்பட்டிருக்கிறது என்பதை இரு தரப்பிலும் எத்தனை பேர் நினைத்தார்கள்? கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, வரி நீங்கிய இடங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் அக்கல்வெட்டுகள் தனித்தனியே குறிக்கின்றன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறாண்டுக்கு மேலாகிறது. தீண்டாமை குறித்துத் தமிழ்க் கல்வெட்டுகள் தரும் செய்திகளைத் தொகுத்துக் கராஷிமா 1997இல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அச்சான்று யாருக்கும் முழு வெற்றி தராது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊருக்கு வெளியே சேரி பிரிந்திருந்தது என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. பொற்காலம் பாடுவோர் அதை விழுங்கித்தான் ஆகவேண்டும். அந்தச் சேரியாரின் நிலத்தை அந்த மன்னனே பறித்தான் என்று முடிவு கட்ட அந்த வரிகள் மட்டும் போதா. எதிர்ப்போர் வேறு சான்று தேட வேண்டும். இவ்வளவையும் அன்று பொறுமையாக எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் தமிழ் பயிற்றும் பேராசிரியர்கள். சொன்னவர்கள் மிகச் சிலர். மற்றவர்களின் மௌனத்தைத் தொலைக்காட்சி விவாதங்கள் நிரப்பின.

இனி மறுப்பின் கதைக்கு வருவோம்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தில்லியில், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் உருவானது. 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய அதன் மாநாடுகள் சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம், மதுரை என்று தொடர்ந்தன. அரசியலின் நிழல் அவற்றின் மீது படாமல் இருந்ததில்லை. 1974இல் யாழ்ப்பாணத்தில் உயிர்களே பலியாயின. 1989இல் மன்றத்தின் தலைமை கராஷிமாவிடம் வந்தது. அவர் தலைமையில் நடந்த எட்டாம் மாநாடு 1995 ஜனவரியில் நம் தஞ்சையில்தான் கூடியது. மாநாட்டையொட்டி எழுப்பிய ராஜராஜன் மணிமண்டபம் இன்றும் நிற்கிறது. ஊர்வலத்தின் கோலாகலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்கள் மாநாட்டில் பங்கேற்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழாராய்ச்சிக்காக வந்த தமிழறிஞரைத் தமிழ் மண்ணிலிருந்து வெளியேற்றிவிட்டு நடந்த தமிழ் மாநாடு அது. ஆய்வு மன்றத்தின் தலைவர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தலைக்குனிவு வேண்டியதில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு அரசு, வேறொரு முதல்வர். ஒன்பதாம் மாநாடு 2010 ஜனவரியில் கோவையில் நடக்கும் என்று 2009 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. இடையில் நான்கு மாதங்கள். ஆய்வு மாநாட்டுக்குக் குறைந்தது ஓராண்டாவது வேண்டும் என்றார் கராஷிமா. மாநாடு ஜூனுக்குத் தள்ளியது. அதுவும் போதாது என்றார் அவர். 2011இல் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது. அதற்குமேல் அரசால் காத்திருக்க இயலவில்லை. கராஷிமா மன்றத்தின் பெயரைத் தரவில்லை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்தது 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு' என்ற வேறு பெயரில் நடந்தது. அடுத்த மாதம் 'தி இந்து' நாளிதழில் நடந்தவற்றை அவர் வெளிப்படையாக எழுதினார். தலைவர் பொறுப்பிலிருந்தும் விலகினார். அப்போது அவருக்கு வயது 77.

இதற்கு எதிராக அன்று சொல்லப்பட்டவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு முதல்வர் தமிழுக்கு விழா எடுக்க ஒரு ஜப்பானியரின் ஒப்புதல் வேண்டுமா என்றார்கள். விழா எடுக்க வேண்டியதில்லை. அரசு தன் விழாவை எடுக்கவே செய்தது, அதை அவர் தடுக்கவும் இல்லை. 1995இல் திருப்பி அனுப்பப்பட்ட சிவத்தம்பியே கோவைக்கு வந்து கலந்துகொண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கேள்வி ஆய்வு மன்றத்தின் முத்திரையைப் பற்றியது. அந்த முத்திரை ஜப்பானுக்கும் சொந்தமில்லை, கோட்டைக்கும் சொந்தமில்லை; ஆய்வாளர்களுக்குச் சொந்தம். அவர்கள் ஒப்படைத்த பொருளை அவர்கள் விதிப்படி அவர் காத்தார்.

1968லும் 1981லும் அரசுகள்தாமே முன்னின்று நடத்தின, அப்போது எழாத கேள்வி இப்போது ஏன் என்றும் கேட்டார்கள். அரசு பணம் தருவது வேறு, அரசு கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்வது வேறு. ஒரு கட்டுரை எழுதச் சான்று திரட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும், எழுதியதைப் பிறர் படித்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஆட்பெயர் அடைவு ஒன்றுக்காக அத்தனை கல்வெட்டுகளையும் வரி வரியாகப் படித்த மனிதரிடம் போய், நான்கு மாதத்தில் உலகத்து ஆய்வாளர்களைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? வரிச்சொல்லை எண்ணாமல் சோழ அரசைப் பற்றிப் பேச மறுத்தவர், அவகாசம் இல்லாமல் மாநாட்டுக்குக் கையெழுத்திட மறுத்தார். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்வது இதனால்தான்.

இதில் நமக்கு உறுத்துவது அரசின் அவசரம் அன்று. அரசுகள் அவசரப்படும், தேர்தல் அவற்றின் பருவகாலம். தமிழ்த்துறைகளின் அவசரமே உறுத்துகிறது. எந்த அரசு அழைத்தாலும் கட்டுரைச் சுருக்கத்தோடு வரிசையில் நிற்பவர்கள், கராஷிமா ஏன் மறுத்தார் என்று ஒரு துறைக் கூட்டத்தில்கூட விவாதிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா தஞ்சையில் நடந்தது. ஆயிரம் நடனக் கலைஞர்கள் ஆடினார்கள். அக்கோயிலின் கல்வெட்டுகளை வாழ்நாளெல்லாம் படித்த ஒருவர் இரண்டு மாதம் முன்புதான் மனக்கசப்போடு ஒதுங்கியிருந்தார் என்பதை நினைத்தவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 2013இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோ சென்றபோது அங்கேயே அதை அளித்தார். உடனே நம்மவர்கள் மீண்டும் 'நம் கராஷிமா' என்றார்கள். மன்றத்தின் அடுத்த மாநாடு 2015இல் கோலாலம்பூரில்தான் கூடியது. தஞ்சைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 20 ஆண்டுகள்.

கராஷிமாவைத் தெய்வமாக்கச் சொல்கிறோமோ என்று யாரும் ஐயுற வேண்டாம். அவருடைய முறைக்கு எல்லைகள் உண்டு. கல்வெட்டு என்பது கொடுத்தவனும் வாங்கியவனும் வெட்டி வைத்த ஆவணம். கொடுக்கவும் வாங்கவும் இயலாதவன் அதில் பெயரின்றிப் போகிறான். நடவு நட்ட பெண்களை ஆட்பெயர் அடைவில் தேடிப் பயனில்லை. எண்ணிக்கை, கல்லில் இருப்பதை மட்டுமே எண்ணும். நாட்டார் வழக்காறும் இலக்கியமும் கற்ற தமிழ் மாணவர் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், அவர் சொன்னதை மறுப்பதும் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. ஆனால் மறுக்கவாவது படிக்க வேண்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து நம் ஊர்களின் நிலவரலாற்றை எழுதினார். இங்கிருந்து ஒருவர் போய் ஜப்பானியக் கிராமத்தின் நிலவரலாற்றையோ, அந்த நிலச்சீர்திருத்தம் அவர்கள் கட்சி அரசியலை எப்படி மாற்றியது என்பதையோ தமிழில் எழுதியிருக்கிறாரா? ஜப்பானிய அரசியலைப் படித்த இந்திய அறிஞர்கள் இல்லாமல் இல்லை. அந்நாட்டு வெளியுறவுக் கொள்கையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கே.வி. கேசவன் போன்றோர் தில்லியில் பணியாற்றினார்கள், ஆங்கிலத்தில் எழுதினார்கள். தமிழ் படித்த மாணவருக்கு அந்த வழி இருப்பதே தெரியாது. நெல் விளையும் நாடு, பாசனத்துக்கு ஊர் கூடும் நாடு, குத்தகைதாரரை நிலவுடைமையாளராக்கிய நாடு. டெல்டா மாணவருக்கு இதைவிட அருகில் உள்ள பாடம் எது? ஒருவர் நம்மைப் படித்தார் என்று பெருமைப்படுகிறவர்கள், நாம் யாரைப் படித்தோம் என்று ஒரு முறையாவது கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஆகவே சில கோரிக்கைகள். முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் கல்வெட்டியல் விருப்பப் பாடமாக ஒதுங்கி நிற்பதை மாற்றிக் கட்டாயப் பாடமாக்குங்கள். தேர்வை வினாத்தாளில் வைக்காமல் கோயில் சுவரின் முன் வையுங்கள். கராஷிமாவின் முக்கியக் கட்டுரைகள் அனைத்தும் மாணவர் வாங்கக்கூடிய விலையில் நல்ல தமிழில் கிடைக்கட்டும். 1981இல் தஞ்சையில் தோன்றிய, சுப்பராயலு பணியாற்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தைவிட இதற்குப் பொருத்தமான இடம் வேறில்லை. மைசூருவில் உள்ள தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தப் படிகளைப் படிக்க ஆள் உருவாக்கும் வேலையை எந்த நீதிமன்றமும் செய்து தராது. இறுதியாக, ஆய்வு மாநாட்டின் நாளை ஆய்வாளர்கள் குறிக்கட்டும். அழைப்பிதழில் அமைச்சர் பெயர் அச்சாவதற்கு முன் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கட்டும்.

காணி என்ற சொல்லை டெல்டாவில் இன்றும் நில அளவாகச் சொல்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் அது பரம்பரையாக வரும் நில உரிமையையும் குறித்தது. உரிமையைச் சுட்டிய சொல் நம் பேச்சில் வெறும் அளவாகச் சுருங்கிய கதை நம் மண்ணின் கதை. அதைக் கேட்க விரும்பும் மாணவர் ஒருவர் நாளை எந்தத் தமிழ்த்துறையின் படியேறினாலும், சொல்லிக்கொடுக்க அங்கே ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அது நடக்கும் வரை கராஷிமாவின் பெயரை மேடையில் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.